உறைக்குள்ளிருந்து உறையின் மேல்

1

2014 செப்டம்பரில் ஃபின்லாந்துத் தபால் நிறுவனம் மூன்று தலைகள் கொண்ட ஒரு தபால் தலைத் தாளை வெளியிட்டது. படங்கள் டௌகோ லாக்ஸோனன் வரைந்தவை. உலகம் அவரை டாம் ஆஃப் ஃபின்லாண்ட் என்ற பெயரில்தான் அறியும். 1920-ல் பிறந்து 1991-ல் இறந்தவர். அகன்ற தோள், ஒடுங்கிய இடை, தோல் சட்டை, முழங்கால்வரை பூட்ஸ், எப்போதும் ஒரு சிரிப்பு. இப்படிப்பட்ட ஆண்களை, ஆண்களை விரும்பும் ஆண்களுக்காக, வாழ்நாள் முழுவதும் பென்சிலால் வரைந்தவர். அவர் வரைந்தவர்கள் விரும்புவதோடு நின்றுவிடுகிறவர்களல்ல. அதனால் படங்களில் பெரும்பகுதி வயதுவந்தவர்களுக்கு மட்டும் என்று சொல்லி விற்கப்பட்டது, மூடிய உறைக்குள் வைத்து அனுப்பப்பட்டது.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயம் இருக்கிறது. உறைக்குள் ஒளிந்து போன படம் உறையின் மேல் ஒட்டப்படுகிறது. எந்த ஸ்தாபனத்தின் கண்ணுக்குத் தப்ப வேண்டியிருந்ததோ அந்த ஸ்தாபனமே அதை அச்சிட்டு, விலை போட்டு, ஜன்னல் வழியாக விற்கிறது. ஃபின்லாந்தில் ஆணும் ஆணும் சேர்வது 1971 வரை குற்றம். 1981 வரை வியாதி. குற்றமில்லை என்று ஆன பிறகும், அதை ஊக்குவிப்பது குற்றம் என்று ஒரு விதி 1999 வரை இருந்தது. அதற்குப் பதினைந்து வருஷம் கழித்துத் தபால் தலை. மூன்று தலைகளில் ஒன்றில், வெற்றுத் தொடைகளுக்கு இடையிலிருந்து ஒரு முகம் எட்டிப் பார்க்கிறது.

இதை வெற்றி என்று சொல்லலாம். விழுங்கி ஜீரணித்துவிட்டார்கள் என்றும் சொல்லலாம். இரண்டையும் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு இரண்டும் போதவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

விளம்பரக் கலை பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்கக்கூடும். உருவம், உருவம் என்று நாம் அறுபது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பேசுவதெல்லாம் கவிதையின் உருவம், நாவலின் உருவம். ஒரு கடைப் பலகைக்கும் ஒரு மருந்துச் சீட்டுக்கும்கூட உருவம் உண்டு. அங்கே உருவம் தவறினால் விமர்சகன் கோபித்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். ஆனால் சில பேருக்கு ஓர் அட்டையின் உருவம் தவறினால் வேலை போயிருக்கிறது, ஜெயில் கிடைத்திருக்கிறது. உருவம் என்பது இவ்வளவு கனமாக இருந்த இடம் இலக்கியத்திலேயே அபூர்வம்.

2

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரத்தில் பாப் மைஸர் என்ற புகைப்படக்காரர் 1945-ல் அத்லெடிக் மாடல் கில்ட் என்று ஒரு கம்பெனி தொடங்கினார். 1951-ல் ஃபிஸீக் பிக்டோரியல் என்ற பத்திரிகை. கையடக்கமான அளவு, நடுவில் கம்பி குத்தியது, பொருட்செலவில்லாத தாள். பார்வைக்கு நம் சிறுபத்திரிகைகளில் ஒன்று மாதிரிதான் இருக்கும். உள்ளே கட்டுடல் இளைஞர்களின் படங்கள். தேகப்பயிற்சியை வளர்ப்பது, ஓவியர்களுக்கு உடலமைப்பைக் காட்டுவது என்பவை பத்திரிகை சொல்லிக்கொண்ட நோக்கங்கள். பின்னணியில் ஓர் அட்டைக் கிரேக்கத் தூண் இருக்கும். கையில் ஈட்டியோ வட்டோ இருக்கும். இடுப்பில் ஒரு சின்னக் கச்சை, அதைத் தைத்துக் கொடுத்தவர் மைஸரின் தாயார்.

அந்தத் தூணைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் அந்தப் பத்திரிகையின் வடிவமைப்பு முழுவதும் அந்தத் தூணில்தான் நிற்கிறது. ஒரு தபால் அதிகாரி பிரித்துப் பார்த்தால் அவருக்கு அது கிரேக்கக் கலை. யாருக்காகப் போகிறதோ அவருக்கு அது வேறு. ஒரே படம் இரண்டு பேரிடம் இரண்டு விதமாகப் பேசுகிறது. ஆபாசமானதைத் தபாலில் அனுப்பக்கூடாது என்ற காம்ஸ்டாக் சட்டம் 1873-லிருந்து அமெரிக்காவில் அமலில் இருந்தது. எது ஆபாசம் என்று தீர்மானிக்கும் அதிகாரம் நடைமுறையில் தபால் இலாகாவிடம். ஆகவே இந்தப் பத்திரிகைகளின் முதல் வாசகன் தபால்காரன். முதல் வாசகனுக்குப் புரியக்கூடாது, இரண்டாம் வாசகனுக்குப் புரிந்துவிட வேண்டும். கவிதையில் இருண்மை பற்றி நாம் செய்த தர்க்கங்களையெல்லாம் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம். இங்கே இருண்மை ரஸனைப் பிரச்சினை அல்ல. புரிந்துவிட்டால் கைது.

மைஸர் இதைவிட ஒருபடி போனார். படங்களின் ஓரத்தில் சிறுசிறு குறிகளை அச்சிட்டார். அம்பு, வட்டம், கோடு போன்றவை. அந்த இளைஞனின் குணம் எப்படி, இயல்பு எப்படி என்று அறிந்தவர்களுக்குச் சொல்லும் ரகசிய பாஷை அது. இன்று லோகோ என்று சொல்கிறோமே, அதன் ஆதி நிலை இப்படித்தான் இருந்திருக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. எல்லாரையும் கூவி அழைக்கிற அடையாளம் பின்னால் வந்தது. சிலரை மட்டும் அழைத்து, மற்றவர்களுக்கு ஊமையாக இருக்கிற குறிதான் அதற்கு முந்தையது.

இந்த இடத்தில் ஒரு பொய்யை ஒதுக்கிவிடவேண்டும். முதலில் தூய்மையான ஒரு போராட்டம் இருந்தது, வியாபாரம் பின்னால் வந்து அதை அசுத்தப்படுத்தியது என்பது அந்தப் பொய். சிறுபத்திரிகைக்காரர்களான நமக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் நம் சொந்தக் கதையையும் நாம் இப்படித்தான் சொல்லிக்கொள்கிறோம். மைஸர் கலைஞர்தான், கூடவே சந்தேகமில்லாமல் வியாபாரி. பத்திரிகையே அவருடைய புகைப்படங்களுக்கு ஒரு விலைப்பட்டியல். டேவிட் ஜான்ஸன் என்ற சரித்திரப் பேராசிரியர் 2019-ல் எழுதிய பையிங் கே என்ற புத்தகம் இதைத்தான் விரிவாக நிரூபிக்கிறது. அரசியல் பேசிய பத்திரிகைகளைவிட இந்தத் தேகப்பயிற்சிப் பத்திரிகைகளே அதிகம் விற்றன. தனித்தனியாக ஊர்களில் கிடந்தவர்கள் தங்களைப்போல் வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று முதலில் அறிந்தது ஒரு சந்தாவின் மூலம். சந்தாதாரர் பட்டியல்தான் முதல் சமூகம்.

சட்டத்திலும் அப்படித்தான். 1958 ஜனவரியில் ஒன் என்ற கருத்துப் பத்திரிகை தபாலில் போகும் உரிமையை உச்ச நீதிமன்றத்தில் வென்றது. 1962-ல் படப் பத்திரிகைகளின் முறை. ஹெர்மன் லின் வோமாக், தத்துவப் பேராசிரியராக இருந்து பதிப்பாளர் ஆனவர். அவருடைய பத்திரிகைப் பிரதிகளைத் தபால் இலாகா பறிமுதல் செய்திருந்தது. அவை ஆபாசமல்ல, அனுப்பலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கை நடத்திய பணம் அட்டைக் கிரேக்கத் தூண்களை விற்ற பணம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

3

லாக்ஸோனன் பகலில் ஒரு விளம்பரக்காரர். மக்கான் எரிக்ஸன் என்ற அமெரிக்க விளம்பரக் கம்பெனியின் ஹெல்ஸிங்கி அலுவலகத்தில் கலைப் பிரிவில் பெரிய பொறுப்பு. 1973-ல் அந்த வேலையை விட்டார். அதுவரை இரவில், வீட்டில், பென்சிலும் தாளும். 1956 முடிவில் தன் படங்களை டாம் என்று கையெழுத்துப் போட்டு மைஸருக்கு அனுப்பினார். 1957 வசந்த கால இதழின் அட்டையில் அவருடைய படம் வந்தது. ஆற்றில் மரக்கட்டைகளை ஓட்டுகிற தொழிலாளிகள். ஆஃப் ஃபின்லாண்ட் என்ற ஒட்டை மைஸர் சேர்த்தார். ஒரு வியாபாரி வைத்த பெயர்தான் கடைசியில் ஒரு நாட்டின் தபால் தலைக்குப் போய்ச் சேர்ந்தது.

பகல் வேலைக்கும் இரவு வேலைக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். நானும் பகலில் ஒன்றும் இரவில் ஒன்றும் செய்கிறவன் என்பதால் அப்படிச் சொல்ல ஆசையாகவும் இருக்கிறது. அது வாஸ்தவமல்ல. டாமின் படங்களைத் தொடர்ந்து பார்க்கிறவனுக்கு விளம்பரக்காரனின் கை தெரிந்துகொண்டே இருக்கும். ஒரு பண்டத்தை எப்படிப் பளபளவென்று காட்டுவது, தோலின் மினுமினுப்பை எப்படிப் பென்சிலில் கொண்டுவருவது, எல்லாவற்றுக்கும் மேலாக, பார்த்த மாத்திரத்தில் இன்னாருடையது என்று தெரியும்படி ஒரே மாதிரியை எப்படித் திரும்பத் திரும்பப் பிடிப்பது. தாடை, தொப்பி, பூட்ஸ், சிரிப்பு. இதைத்தான் பிராண்டு என்கிறார்கள். அவர் விற்ற பண்டம் சிரிப்பு. அந்த நாட்களில் நாவல்களிலும் சினிமாவிலும் தன்பாலீர்ப்புள்ள ஆண் ஒன்று கேலிக்கு உரியவனாக இருப்பான், இல்லை கடைசி அத்தியாயத்தில் செத்துப்போவான். டாமின் ஆண்களில் யாரும் வெட்கப்படுவதில்லை, யாரும் சாவதில்லை. மகிழ்ச்சியான மனிதர்களை வரைவதே தன் நோக்கம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர் செய்தது ஒரு மறு பெயரிடல். பெயருக்குச் சொந்தக்காரர்களே செய்துகொண்டது.

இதற்கு ஒரு விலை உண்டு. விமர்சகன் அதைச் சொல்லாமல் போகக்கூடாது. எல்லா உடலும் ஒரே உடல். கிழவன் இல்லை, ஒல்லியானவன் இல்லை, தொந்தி இல்லை. பலவீனத்துக்கு அந்த உலகத்தில் நுழைவுச் சீட்டே கிடையாது. சீருடை வேறு. இரண்டாம் யுத்தத்தில் விமான எதிர்ப்புப் படையில் அதிகாரியாக இருந்தபோது ஹெல்ஸிங்கியில் பார்த்த ஜெர்மன் சிப்பாய்களின் சீருடை அவரை விடவில்லை. அந்தக் கொள்கை தனக்கு அருவருப்பு என்று பிற்பாடு தெளிவாகச் சொன்னார். ஆனாலும் அந்தப் படங்கள் இருக்கின்றன. கவர்ச்சிக்கும் கொள்கைக்கும் உள்ள உறவு சொன்னால் அறுந்துவிடுகிற அளவுக்கு எளிது அல்ல. அவரைக் கொண்டாடுகிறவர்களும் கண்டிக்கிறவர்களும் இந்தச் சிக்கலை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள்.

1973-ல் ஹாம்பர்கில் அவருடைய முதல் கண்காட்சி. ஒரு படத்தைத் தவிர மற்றவை திருடுபோயின. அச்சில் நடந்த திருட்டு இதைவிடப் பெரிது. சட்டத்துக்கு வெளியே விற்ற பண்டத்துக்குச் சட்டத்தின் பாதுகாப்பு ஏது? யார் வேண்டுமானாலும் நகலெடுத்து விற்றார்கள், அவருக்கு ஒன்றும் வரவில்லை. 1979-ல் டர்க் டேனரோடு சேர்ந்து ஒரு கம்பெனி, 1984-ல் லாஸ் ஏஞ்சலீஸில் ஓர் அறக்கட்டளை. பதிப்புரிமையை மீட்பது முதல் வேலை, மற்றவர்களுடைய இம்மாதிரிப் படங்களைச் சேகரித்துக் காப்பது அடுத்தது. ஆக இங்கே பிராண்டு என்ற சொல்லின் பொருள் பேராசை அல்ல. திருட்டுக் கொடுத்தவன் தன் வீட்டுக் கதவுக்குப் போட்ட பூட்டு அது.

அந்தப் பூட்டு இருந்ததால்தான் 2014 சாத்தியமாயிற்று. தபால் தலையை வடிவமைத்த டிமோ பெரி அறக்கட்டளையின் சம்மதத்தோடு, அதன் சேகரிப்பிலிருந்து படங்களைத் தேர்ந்தார். அதே வருஷம் 1820-ல் டாம்பரே நகரத்தில் தொடங்கிய ஃபின்லேஸன் என்ற ஜவுளிக் கம்பெனி படுக்கை விரிப்பிலும் துண்டிலும் டாமின் ஆண்களை அச்சடித்தது. இருநூறு வருஷத்துக் குடும்பப் படுக்கைக் கம்பெனி. இரண்டிலும் வடிவமைப்பாளன் செய்த முக்கியமான காரியம் வெட்டுவது. எந்த இடத்தில் சட்டத்தை நிறுத்தினால் முகம் தெரியும், தொடை தெரியும், மற்றது தெரியாது என்று பார்த்து வெட்டுவது. தூண் வைத்து மறைத்த காலம் போய், சட்டத்தால் வெட்டி மறைக்கிற காலம். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. தூண் இருந்த படத்தில் மறைக்கப்பட்டது என்ன என்று தெரிந்தவனுக்குத் தெரியும், தெரியாதவனுக்குத் தெரியாது. தபால் தலையில் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் தெரியாததுபோல் ஒட்டலாம். நாகரிகம் என்பதற்கு இப்படியும் ஒரு விளக்கம்.

4

இதற்கு நேர் எதிரான இன்னொரு சரித்திரம் வானவில் கொடியுடையது.

1978 ஜூன் 25-ம் தேதி ஸான் ஃபிரான்ஸிஸ்கோ ஊர்வலத்தில் கில்பர்ட் பேக்கரும் கூட்டாளிகளும் கையால் சாயமிட்டுத் தைத்த கொடி ஏறியது. அதில் எட்டுப் பட்டை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். உச்சியில் இருந்த பட்டை அடர்ந்த இளஞ்சிவப்பு. அதன் பொருள் காமம். அந்த வருஷம் நவம்பரில் ஹார்வி மில்க் கொல்லப்பட்ட பிறகு கொடிக்குத் தேவை பெருகியது. மொத்தமாக அடிக்கப் போனபோது இளஞ்சிவப்புத் துணி கிடைக்கவில்லை. அந்தப் பட்டை போயிற்று. அடுத்த வருஷம், தெருவின் இரண்டு பக்க விளக்குக் கம்பங்களிலும் சரிபாதியாகத் தொங்கவிட இரட்டைப்படை எண் வேண்டும் என்று நீலப்பச்சையும் போயிற்று. அது கலையின் நிறம். மீதி ஆறு.

காமமும் கலையும் முதலில் போயின என்று எழுதிவிட்டு நிறுத்தினால் வாக்கியம் அழகாக இருக்கும். ஆனால் எந்த ஒழுக்கவாதியும் அவற்றை நீக்கவில்லை. ஒன்றுக்குத் துணி கிடைக்கவில்லை, மற்றதற்குக் கம்பம் ஒத்துவரவில்லை. சரக்கு இருப்பும் நிறுவும் வசதியும் அர்த்தத்தைத் திருத்தின. வடிவமைப்பில் பெரும்பாலான திருத்தங்கள் இப்படி நடப்பவைதாம். பிறகுதான் அதற்கு ஒரு தத்துவம் வந்து சேர்ந்துகொள்கிறது.

பேக்கர் கொடிக்கு வியாபார உரிமை எதையும் கோரவில்லை. எல்லாருக்கும் பொது என்றார், 2017-ல் இறக்கும்வரை அதிலேயே நின்றார். பெரிய மனசு. பலன் என்ன? பொதுவானது எல்லாருக்கும் பொது. ஜூன் மாதம் பிறந்தால் மேல்நாட்டுக் கம்பெனிகளின் லோகோக்கள் ஆறு நிறம் பூசிக்கொள்வதும் ஜூலை பிறந்தால் கழுவிக்கொள்வதும் வருஷத் திருவிழா ஆயிற்று. டாமின் படத்தைப் பயன்படுத்த ஒருவரிடம் அனுமதி கேட்கவேண்டும். கொடியைப் பயன்படுத்த யாரிடமும் கேட்கவேண்டாம். இதுமட்டுமல்ல காரணம். கொடியில் உடல் இல்லை. பட்டைக்கு எதிராக யாரும் முகம் சுளிக்க முடியாது. ஒரு வங்கி வானவில்லைத் தன் வாசலில் தொங்கவிடும், டாமின் பூட்ஸ்காரனைத் தொங்கவிடாது. உடல் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு விற்கும்.

வங்கி என்றதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. 2020 ஏப்ரல் 1-ம் தேதி பத்துப் பொதுத்துறை வங்கிகளை நான்காக இணைத்தார்கள். எங்கள் கிளைக்கும் புதுப் பலகை வந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கை. சின்னத்தின் எந்த வளைவுக்கு என்ன அர்த்தம், எந்த நிறம் எதைக் குறிக்கிறது, எவ்வளவு இடைவெளி விடவேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. கவுண்டரில் உட்கார்ந்து நான் கவனித்தவரையில் யாரும் பலகையை நிமிர்ந்து பார்க்கவில்லை. மாதா மாதம் பென்ஷன் வாங்க வருகிற ஒரு பெரியவருக்கு இது இப்போதும் வேப்பமரத்து பேங்க். அடையாளம் வரைகிறவன் கையில் இல்லை, வந்து போகிறவன் காலில் இருக்கிறது. மைஸரின் சந்தாதாரனுக்கு அந்த அட்டை எப்படி அடையாளமாயிற்றென்றால், அவன் அதற்காகக் காத்திருந்தான்.

பெயரும் அப்படித்தான். தமிழில் ஓரினச்சேர்க்கை என்று எழுதிக்கொண்டிருந்தோம். சேர்க்கை என்றால் செயல், அதுவும் போலீஸ் கோப்பில் வருகிற செயல். தன்பாலீர்ப்பு என்று இப்போது எழுதுகிறோம். ஈர்ப்பு என்றால் மனம். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுக்குப் பின் 2022-ல் தமிழக அரசு இம்மாதிரிச் சொற்களின் பட்டியலை அரசிதழிலேயே வெளியிட்டது. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் இங்கேயும் ஒரு வெட்டு நடந்திருப்பதை எழுத்தாளன் கவனிக்கவேண்டும். செயல் மனமாக மாறியபோது மரியாதை வந்தது. உடல் ஓர் அங்குலம் பின்னால் தள்ளி நின்றது.

எல்லாச் சின்னமும் இப்படி வெளிறிப்போவதில்லை. நாஜி முகாம்களில் இந்த ஆண்களின் சட்டையில் தைத்த இளஞ்சிவப்பு முக்கோணத்தை 1987-ல் நியூயார்க்கில் ஆறு பேர் தலைகீழாகத் திருப்பிக் கறுப்புச் சுவரொட்டியில் வைத்தார்கள். கீழே, மௌனம் மரணத்துக்குச் சமம் என்ற பொருள்பட இரண்டே சொல்லும் நடுவில் ஒரு சமக்குறியும். எய்ட்ஸில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த நேரம். வரைந்தவர்களில் தொழில் முறை வடிவமைப்பாளர்கள் இருந்தார்கள். விளம்பரத்தின் எல்லாச் சாமர்த்தியமும் அதில் இருக்கிறது, விற்பதற்கு ஒன்றும் இல்லை. அதே வருஷங்களில் டாமின் சிரிக்கும் ஆண்களும் உறை அணியக் கற்றுக்கொண்டார்கள். நம் காலத்துக்கு வந்தால், 2009-ல் தொடங்கிய கிரைண்டர் என்ற கைப்பேசிச் செயலியின் சின்னம் ஒரு முகமூடி. 2022 நவம்பரில் அந்த முகமூடி நியூயார்க் பங்குச் சந்தையில் ஏறியது. தூண், வெட்டு, முகமூடி. மறைப்பதையே முகமாக வைத்துக்கொள்ளும் துணிச்சல் இந்த மூன்றாவதில்தான் வெளிப்படையாக இருக்கிறது.

5

இவ்வளவும் எனக்கு ஏன் அவசரமாயிற்று என்று சொல்லவேண்டும். என் நண்பர் ஒருவர், கவிஞர். பெயர் சொல்வதற்கில்லை. பத்து வருஷமாகப் புனைபெயரில் எழுதுகிறார். இந்தப் பத்திரிகையின் வாசகர்களில் சிலர் அந்தக் கவிதைகளைப் படித்திருப்பார்கள். ஓர் ஆண் இன்னோர் ஆணுக்குச் சொல்வது என்று பலர் கவனித்திருக்கமாட்டார்கள், ஏனென்றால் நம் மொழியில் 'நீ'க்குப் பால் இல்லை. அந்த வசதியில் அவர் பத்து வருஷம் குடியிருந்தார். மைஸரின் தூண் மாதிரி இலக்கணம் அவருக்கு ஒரு தூண்.

இப்போது தொகுப்பு வருகிறது. பதிப்பாளர் நல்லவர், நண்பர். அவர் தயாரித்துக் கொண்டுவந்த அட்டையில் ஆறு பட்டை, அதன்மேல் கைகோத்த இரண்டு நிழலுருவம். பெயர் மட்டும் புனைபெயராகவே இருக்கட்டும், அதில் ஒரு மர்மம் இருக்கிறது, புத்தகக் கண்காட்சியில் தனியாகத் தெரியும் என்றார். எனக்கு அட்டை பிடிக்கவில்லை. மேலே எழுதியதையெல்லாம் சொன்னேன். ஒரு சின்னம் தன்னை அணிகிறவனிடம் ஏதாவது ஆபத்தைக் கேட்கவேண்டும், கேட்காவிட்டால் அது வெறும் சாயம் என்றேன்.

நண்பர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஆபத்து இருந்தாத்தான் கலைன்னு ஆபத்து இல்லாதவங்கதான்யா சொல்றீங்க. இருபது வயசுல எங்க ஊர் லைப்ரரில இப்படி ஒரு அட்டையப் பார்த்திருந்தா நான் மூணு வருஷம் தூங்காம இருந்திருக்க மாட்டேன்."

இந்த ஆட்சேபணைக்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. ஆபத்தை அளவுகோலாக வைப்பதில் ஓர் அழகியல் சொகுசு இருக்கத்தான் செய்கிறது. வேறொருவர் பட்ட அடியை நாம் தீவிரம் என்று பெயரிட்டு ரசிக்கிறோம். மைஸரின் தூணை இன்று நான் ரசிக்கலாம். அதன் பின்னால் நின்றவன் அதை ரசித்திருக்கமாட்டான். ஆகவே அளவுகோலை மாற்றிக் கேட்டுப் பார்க்கிறேன்: இந்தக் குறி யாரை யாருக்குக் காட்டுகிறது? தேகப்பயிற்சிப் பத்திரிகை வாசகனை வாசகனுக்குக் காட்டியது. டாமின் படம் அந்த வாசகனை அவனுக்கே காட்டியது. சுவரொட்டி செத்தவர்களை ஊருக்குக் காட்டியது. தபால் தலை ஒரு நாட்டுக்கு அந்த நாட்டைக் காட்டியது. ஜூன் மாதத்து லோகோ கம்பெனியைக் காட்டுகிறது. அந்த அட்டையில் இருந்த இரண்டு நிழலுருவங்களும் யாரையும் காட்டவில்லை. நிழலுக்கு முகம் கிடையாது. பட்டைகளை நண்பர் விரும்பியது நியாயம், நிழல்களை நான் வெறுத்ததும் நியாயம்.

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அட்டையில் பழுப்புத் தாளின் நிறமும் தலைப்பும் மட்டும். புத்தக முதுகில், அடிப்பக்கம், நகத்தளவு உயரத்துக்குப் பட்டைகள். அலமாரியில் சொருகி வைத்தால் அதுமட்டும்தான் தெரியும். தேடுகிறவன் கண்ணில் படும், தேடாதவன் அதை அச்சக அடையாளம் என்று நினைத்துக்கொள்வான். எட்டுப் பட்டை போடச் சொல்லியிருக்கிறார் நண்பர். "ஆறுதானே சார்?" என்று அச்சகத்தில் கேட்டார்களாம். எட்டு என்றால் கூடுதலாக எவ்வளவு ஆகும் என்று இவர் கேட்டிருக்கிறார். நாலு கலர் அச்சில் எத்தனை நிறம் போட்டாலும் ஒரே காசுதான் என்றார்களாம்.

பெயர் விஷயம் இன்னும் முடிவாகவில்லை. சொந்தப் பெயரைப் போட அவருக்கு ஆசை. பதிப்பாளரும் இப்போது சரி என்கிறார். "அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியும், அதான் கஷ்டம்" என்கிறார் நண்பர். சட்டம் 2018 செப்டம்பர் 6-ம் தேதி மாறிவிட்டது, உச்ச நீதிமன்றம் 377-ம் பிரிவின் அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. ஆனால் அவருடைய முதல் வாசகர் உச்ச நீதிமன்றத்தில் இல்லை, தபால் இலாகாவிலும் இல்லை. அடுத்த அறையில் டீவி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சின்னங்களால் செய்ய முடிவது இதுவரைதான் என்று நினைக்கிறேன். அவை ஒருவனை அலமாரிவரை அழைத்துக்கொண்டு வரும். பெயரைப் போடுவதா என்பதை எந்த வடிவமைப்பாளனும் தீர்த்துக்கொடுக்க முடியாது. விமர்சகனாலும் முடியாது. நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அந்தப் புத்தகம் மதிப்புரைக்கு வரும்போது, பட்டையை வைத்துப் பாராட்டுவதும் பட்டையை வைத்து ஒதுக்குவதும் ஒரே சோம்பல்தான் என்று தெரிந்துகொண்டு, உள்ளே இருக்கும் கவிதையைப் படிப்பது. அதில் சுமாரானவை ஏழெட்டு இருக்கின்றன. அதையும் எழுதத்தான் வேண்டும். அவர் அதைத்தான் எதிர்பார்ப்பார்.